முறுக்கேறிய சுருள்வில்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

எங்கள் ஊர் மணப்பாறை என்று சொன்னவுடன் நண்பர்கள், "முறுக்கு எங்கே?" என்றுதான் கேட்பார்கள். 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றுவிட்ட பெருமை அந்த முறுக்குக்கு உண்டு. ஆனால் நான் இங்கே எழுத வந்தது வேறொரு முறுக்கைப் பற்றி. அது மாவில் இல்லை, இரும்பில் இருக்கிறது. நாள்தோறும் நம் தலைக்கு மேலேயே இருந்தும் நாம் அண்ணாந்து பார்க்காத ஒன்று. கடைகளின் ஷட்டர் கதவுக்குள் ஒளிந்திருக்கும் சுருள்வில்லைத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டின் முன்பகுதியே கடை. மூக்கணாங்கயிறு, தும்பு, கழுத்து மணி, சாட்டை, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை ஆகியவை எங்கள் சரக்கு. செவ்வாய் மாலை தொடங்கிப் புதன்கிழமை வரை நடக்கும் மாட்டுச் சந்தைதான் எங்களுக்கு வாரம் முழுவதற்கும் சோறு போடுகிறது. மற்ற ஐந்து நாளும் கடை திறந்திருக்கும், அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கடைப் பக்கம் 'டம்' என்று வெடி வெடித்தாற்போல் ஓர் ஓசை. ஓடிப் பார்த்தோம். எதுவும் விழவில்லை; எவரும் இல்லை. ஷட்டரைத் தூக்கினால் வரவில்லை. அப்பாவும் நானும் சேர்ந்து தூக்கியதில் ஓர் அடி உயர்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து, சட்டத்தில் சிக்கிக்கொண்டது. அதைச் சிரமப்பட்டு மீண்டும் கீழே இறக்கினோம். மணி மூன்று. பொழுது சாயும் வேளையில் மாடுகள் வரத் தொடங்கிவிடும்.

"நீ பிசிக்ஸ்தானே படிக்கிறே? என்னன்னு பாரு தம்பி" என்றார் அப்பா.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவனே. அப்பா அப்படிக் கேட்டதில் கவலையைவிடப் பெருமையே மிகுந்திருந்தது. "தெரியாது" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏணியை எடுத்துச் சாத்தி ஏறினேன்.

அதன்பின் நடந்ததைச் சொல்லும் முன்பு ஷட்டரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் தவறு எங்கே என்பது விளங்கும்.

கதவின் எடையை யார் தூக்குகிறார்கள்?

ஷட்டர் என்பது ஒன்றோடொன்று கோத்த தகட்டுப் பட்டிகளின் வரிசை. பட்டி ஒன்றின் அகலம் பெரும்பாலும் 8 செ.மீ.; கனம் 0.9 அல்லது 1.2 மி.மீ. எட்டடி அகலமும் எட்டடி உயரமும் கொண்ட எங்கள் ஷட்டரின் எடை, கீழ்ச்சட்டத்தையும் சேர்த்துச் சுமார் 60 கிலோ. 60 கிலோவை நாள்தோறும் ஒற்றைக் கையால் என் அம்மா தூக்கிவிடுகிறாரே, எப்படி?

வாசலுக்கு மேலே, பெட்டிபோல மூடியிருக்கும் தகட்டுக்குள் ஒரு குழாய் குறுக்கே போகிறது. அது சுழலாது. இரு முனைகளிலும் 'யு' வடிவக் கம்பியாலும் நட்டுகளாலும் இறுக்கிப் பிடித்திருப்பார்கள். அந்தக் குழாயைச் சுற்றிச் சுழலும் உருளைகளில்தான் ஷட்டர் சுருள்கிறது. உருளைக்குள்ளே சுருள்வில் இருக்கிறது. அதன் ஒரு முனை குழாயோடும், மறுமுனை உருளையோடும் பிணைக்கப்பட்டிருக்கும். எங்கள் ஷட்டரில் இப்படி இரண்டு சுருள்விற்கள். உலோக ஷட்டர்களுக்கென்று இந்தியத் தர நிர்ணயம் ஒன்று உண்டு; அதன் எண் ஐ.எஸ். 6248. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில், ஷட்டருக்கு 27.5 செ.மீ. நீளமுள்ள, உயர் இழுவலிமை எஃகுக் கம்பியால் ஆன சுருள்வில் பொருத்த வேண்டும் என்று குறித்திருக்கிறார்கள்.

ஷட்டரைக் கீழே இழுக்கும்போது உருளை சுழன்று சுருள்வில்லுக்கு முறுக்கேறுகிறது. கதவின் எடையால் நமக்குக் கிடைக்கும் ஆற்றல் வீணாகாமல் சுருள்வில்லுக்குள் போய்ச் சேமிப்பாகிறது. மேலே தூக்கும்போது அந்தச் சேமிப்பே கதவைத் தூக்குகிறது. நம் கை கொடுப்பது உராய்வை வெல்லும் சிறு விசை மட்டுமே.

இதில் எனக்கு வியப்பளிப்பது ஒன்றுண்டு. கதவு முழுதும் இறங்கியிருக்கும்போது முழு எடையும் உருளையிலிருந்து தொங்குகிறது. பாதி சுருண்டதும் பாதி எடையே தொங்குகிறது. முழுதும் சுருண்டுவிட்டால் தொங்கும் எடை ஏறக்குறைய ஒன்றுமில்லை. சுருள்வில்லின் விசையும் அவ்வாறே. முறுக்கு எவ்வளவோ, விசையும் அவ்வளவு. முறுக்கு பாதியானால் விசையும் பாதி. எடை குறையக் குறைய விசையும் கூடவே குறைகிறது. எனவேதான் நல்ல ஷட்டர் எந்த உயரத்தில் நிறுத்தினாலும் அப்படியே நிற்கும். ஆங்கில அறிஞர் ராபர்ட் ஹூக் இந்த விதியை 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்டுப் புதிராக வெளியிட்டு, 1678-இல் விடுவித்தார். முதலாண்டு ஆய்வகத்தில் சுருள்வில்லில் எடை தொங்கவிட்டு நாம் எல்லோரும் வரைபடம் போட்டோமே, அதே ஹூக் விதிதான் கடைவீதி முழுவதும் கதவுகளைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.

ஒரு வேற்றுமையையும் சொல்ல வேண்டும். ஆய்வகத்துச் சுருள்வில்லை நாம் நீளவாக்கில் இழுக்கிறோம். அப்போது கம்பி முறுக்கப்படுகிறது. ஷட்டரின் சுருள்வில்லை நாம் முறுக்குகிறோம். அப்போது கம்பி வளைகிறது. இழுத்தால் முறுக்கம், முறுக்கினால் வளைவு! தேர்வுக்குப் படிக்கும் நண்பர்கள் ஒரு பழைய பேனாவின் ஸ்பிரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு இதை யோசித்துப் பார்க்கலாம்.

நான் செய்த பிழை

மேல்மூடியைக் கழற்றினேன். ஒரு சுருள்வில் ஒடிந்திருப்பது தெரிந்தது. மற்றொன்று நன்றாக இருந்தது. ஒடிந்ததைக் கழற்ற வேண்டுமானால் குழாயை இறக்க வேண்டும். குழாயை இறக்க 'யு' கம்பியின் நட்டுகளைத் தளர்த்த வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்பாவை ஒரு முக்காலிமேல் ஏறச் சொல்லி, பைப் ரெஞ்சை அவர் கையில் கொடுத்து, "குழாய் ஆடாம சும்மா பிடிச்சுக்குங்கப்பா" என்றேன்.

அந்தச் 'சும்மா' என்ற சொல்லை நான் மறக்கப் போவதில்லை.

இரண்டாவது நட்டு தளர்ந்த அந்தக் கணத்தில் குழாய் சுழன்றது. ரெஞ்சு அப்பாவின் கையிலிருந்து நழுவி, அரைச் சுற்றுச் சுற்றி வந்து அவருடைய முன்கையில் அடித்தது. அப்பா கத்தவில்லை. முக்காலியிலிருந்து இறங்கி, மூட்டைமேல் உட்கார்ந்து, "எலும்பு போயிருச்சு போல" என்றார். அன்று மாலை சந்தைக்கு மாடுகள் வந்துகொண்டிருந்த நேரத்தில் நாங்கள் அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டுக்காகக் காத்திருந்தோம். ஆறு வாரம் கட்டு. ஆறு சந்தை நாளும் நானே கடையில் நின்றேன். நான் வகுப்புக்கு வராத புதன்கிழமைகளுக்குக் காரணம் கேட்ட பேராசிரியர்களுக்கு இதுவே என் விளக்கம்.

பிறகு ஆற அமர உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு.

கதவின் எடை 60 கிலோ. உருளையின் ஆரம் சுமார் 11 செ.மீ. எனவே கதவு இறங்கியிருக்கும்போது அதைத் தாங்கத் தேவையான திருப்பு விசை சுமார் 65 நியூட்டன் மீட்டர். இரண்டு சுருள்விற்களும் சரியாக இருந்த காலத்தில் ஒவ்வொன்றும் சுமார் 32 நியூட்டன் மீட்டர் கொடுத்தது. ஒன்று ஒடிந்த பின்பும் மற்றொன்று அந்த 32-ஐ வைத்துக்கொண்டேதான் இருந்தது. பைப் ரெஞ்சை அச்சிலிருந்து 40 செ.மீ. தூரத்தில் பிடித்தால், அதைத் தடுக்க வேண்டிய விசை 80 நியூட்டன். அதாவது 8 கிலோ எடை.

வெறும் 8 கிலோ! நாள்தோறும் புண்ணாக்கு மூட்டை தூக்கும் என் அப்பாவுக்கு அது ஒரு பொருட்டா? "8 கிலோ இழுக்கும், இந்தப் பக்கமாக இழுக்கும், இறுகப் பிடியுங்கள்" என்று நான் சொல்லியிருந்தால் அவர் ஒற்றைக் கையால் பிடித்திருப்பார். 'சும்மா' பிடித்த கையிலிருந்து அது நழுவிவிட்டது. நழுவிய ரெஞ்சு அரைச் சுற்று சுழல்வதற்குள் அதற்கு ஏறத்தாழ 90 ஜூல் ஆற்றல் கிடைத்துவிடுகிறது. 5 கிலோ படிக்கல் ஓர் ஆள் உயரத்திலிருந்து கைமேல் விழுவதற்கு அது ஒப்பாகும். அந்த ஒரு சுருள்வில்லின் மொத்தச் சேமிப்போ சுமார் 350 ஜூல். அதே படிக்கல் இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்.

ஆகவே, ஒடிந்த சுருள்வில்லைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது தன் ஆற்றலை 'டம்' என்று கொடுத்துவிட்டு ஓய்ந்துவிட்டது. ஒடியாமல் அதன் பக்கத்தில் அமைதியாக இருக்கிறதே, அதைக் கண்டுதான் அஞ்ச வேண்டும்.

கைதேர்ந்தவர் செய்த முறை

மறுநாள் திருச்சியிலிருந்து ஷட்டர் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். அப்பாவின் கட்டைப் பார்த்ததும், கேட்காமலேயே, "யு கிளாம்பைக் கழட்டினீங்களா?" என்றார். நான் தலை குனிந்தேன்.

நழுவிய குழாய் முழுதும் சுழன்று ஓயாமல், ரெஞ்சு ஏணியில் தட்டி நின்றிருந்தது. மீதி முறுக்கு உள்ளேயே இருந்தது. அதை அவர் இறக்கிய விதம் பார்க்கத் தக்கது. இரண்டு பைப் ரெஞ்சுகளை எடுத்தார். ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. முதல் ரெஞ்சால் கால் சுற்றுத் தளர்த்தி, இரண்டாவதைக் குழாயில் கவ்வவைத்து அதன்மேல் பாரத்தை மாற்றிய பிறகே முதலாவதை எடுத்தார். எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு ரெஞ்சு அவர் பிடியில் இருந்தது. ரெஞ்சு சுழலக்கூடிய வட்டத்துக்குள் தம் முகத்தையோ கையையோ ஒருமுறைகூட அவர் வைக்கவில்லை. வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்: "ஒண்ணேகால், ஒண்ணரை, ஒண்ணேமுக்கால்..." முறுக்கு முழுதும் இறங்கியதும் குழாயைக் கையாலேயே ஆட்டிக் காட்டினார். "இப்பத்தான் தம்பி இது வெறும் இரும்பு" என்றார்.

அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு கார் நிறுத்தும் அறைக்கு மேலே தூக்கும் கதவு உண்டு. 1921-இல் சி. ஜி. ஜான்சன் என்பவர் அமைத்த கதவிலிருந்து வளர்ந்தது அது. அங்கும் கதவுக்கு மேலே இதேபோல முறுக்கேறிய சுருள்விற்கள் இருக்கின்றன. அவற்றை மாற்றும் தொழிலாளர்களும் இரண்டு இரும்புக் கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகி, கால் சுற்றுக் கால் சுற்றாகவே தளர்த்துகிறார்கள். கடல் கடந்த ஊரிலும் நம் பெரியவரின் முறையேதான். இயற்கையின் விதி ஒன்றாக இருக்கும்போது, அதற்கு அடங்கி வேலை செய்யும் முறையும் ஒன்றாகத்தானே இருக்கும்?

ஏன் ஒடிந்தது?

ஒடிந்த துண்டை அவர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதை நம் துறைப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் கைவில்லையால் ஒடிந்த முகத்தைப் பார்க்கச் சொன்னார். ஒரு பகுதி கறுத்துத் துருப்பிடித்திருந்தது. மற்றப் பகுதி வெள்ளி போல மின்னியது. கறுத்த பகுதி பல நாட்களுக்கு முன்பே விரிசல் விட்ட இடம். அதன் வழியே காற்றும் ஈரமும் புகுந்து துருவேறியிருக்கிறது. மின்னுகிற பகுதியே அன்று மதியம் ஒடிந்தது. ஒரே நாளில் ஒடிந்ததாக நாங்கள் நினைத்தது, உண்மையில் பல நாள் ஒடிந்துகொண்டிருந்திருக்கிறது.

இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். 1842-இல் பிரான்சு நாட்டில் வெர்சாய் அருகே ஓர் இரயில் எஞ்சினின் அச்சு ஒடிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சு ஏன் ஒடிய வேண்டும் என்ற கேள்வி அறிஞர்களை வாட்டியது. ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் பல ஆண்டுகள் சோதனை செய்து, ஒரே முறை ஏற்றினால் உலோகம் எளிதில் தாங்கும் சுமைகூட, ஆயிரம் ஆயிரம் முறை திரும்பத் திரும்ப ஏற்றினால் அதை ஒடித்துவிடும் என்று காட்டினார்.

அமெரிக்க வீட்டுக் கதவுச் சுருள்விற்களைப் பொதுவாக 10,000 முறை திறந்து மூடும் அளவுக்குச் செய்கிறார்கள். எங்கள் ஷட்டர் நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டில் வைத்தது. காலையில் ஒருமுறை, மதிய உணவுக்குப் பின் ஒருமுறை என்று நாளுக்கு இரண்டு தடவை திறப்பு. ஆண்டுக்கு 700 என்றால் பதின்மூன்று ஆண்டில் 9,100. அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்பதே உண்மை. நாங்கள்தான் எண்ணவில்லை.

வீட்டில் ஷட்டர் உள்ளவர்களுக்கு

நம்மில் பலர் வீட்டில் சிறு கடையோ பட்டறையோ இருக்கும். அவர்களுக்காகச் சில சொற்கள்.

ஷட்டரைப் பாதி உயரத்தில் நிறுத்திக் கையை எடுத்துப் பாருங்கள். நின்றால் நலம். தானாக இறங்கினால் சுருள்வில் தளர்ந்திருக்கிறது. தானாக மேலே பாய்ந்தால் முறுக்கு மிகுதி. ஒரு பக்கம் முந்தி, ஒரு பக்கம் பிந்தி வந்தாலும், வழக்கத்தைவிடக் கனத்தாலும் ஆளை அழைக்கும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

பெரும்பாலும் ஷட்டர் மூடியிருக்கும்போதுதான் சுருள்வில் ஒடியும். முறுக்கு மிகுதியாக இருப்பது அப்போதுதான். அப்படி ஒடிந்தால் மூடியபடியே விட்டுவிடுங்கள். வேறு வழி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கடப்பாரை போட்டு நெம்பினால் பட்டிகள் கோணிச் செலவு இரட்டிப்பாகும். திறந்தே தீர வேண்டுமானால் மூன்று நான்கு பேர் இரு பக்கமும் சமமாகத் தூக்கி, கீழ்ச்சட்டத்தின் இரு முனையிலும் உறுதியான மரமுட்டுக் கொடுக்க வேண்டும். அதன் அடியில் குழந்தைகள் நடமாடக் கூடாது. திறந்திருக்கும்போதே ஒடிந்துவிட்டாலும் இதே முட்டுத்தான் முதல் வேலை. இழுத்து மூடிப் பார்க்கக் கூடாது.

மேலே இருக்கும் நட்டுகளில் கை வைக்காதீர்கள். அது தெரிந்தவர் செய்யும் வேலை. ஒன்று ஒடிந்தாலும் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே நாளில் வேலைக்கு வந்தவை. ஒரே அளவு உழைத்தவை. மாற்றியதும் தேதியைக் குறித்து வையுங்கள். பக்கச் சட்டங்களில் சேரும் மண்ணை அவ்வப்போது துடையுங்கள். சுருள்வில்லுக்குத் துருவேறாமல் மசகு இடச் சொல்லுங்கள்.

முடிவாக ஒன்று. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று நடந்ததைக் கேட்ட உறவினர் ஒருவர் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏட்டில் இருந்தது அத்தனையும் உண்மை. திருப்பு விசைக்கும் சேமித்த ஆற்றலுக்கும் சூத்திரம் எழுதி நான் மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஏணியில் ஏறியபோது மட்டும் அது என் நினைவுக்கு வரவில்லை. சூத்திரம் தேர்வுத்தாளுக்கு உரியது, ஷட்டர் கடைக்கு உரியது என்று என் மனம் இரண்டையும் தனித்தனியே வைத்திருந்தது.

அப்பா என்னை ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. கட்டுப் பிரித்த அன்று, ஒரு கயிற்றை எடுத்து இரு முனையையும் என்னைப் பிடிக்கச் சொல்லி, நடுவில் முறுக்கினார். "ஒரு நுனியை விடு" என்றார். விட்டேன். கயிறு சுழன்று சுருண்டது. "தாத்தா கயிறு திரிக்கையில நீ சின்னப் பிள்ளையா பக்கத்துலேயே நிப்பே. நுனியை விடாதேன்னு அவரு கத்துவாரு. எனக்கும்தான் அன்னைக்கு அது ஞாபகம் வரலே" என்றார்.

தவற்றில் பாதியை அவர் தாம் ஏற்றுக்கொண்டார். பாதியாவது என்னுடையது என்பதால் இதை எழுதினேன். புதிய சுருள்விற்கள் போட்ட தேதியைக் கடைச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன். ஒடிந்த துண்டு நம் இயற்பியல் ஆய்வகத்து அலமாரியில் இருக்கிறது. பேராசிரியரைக் கேட்டு, கைவில்லையோடு பாருங்கள். கறுத்த பகுதியும் மின்னும் பகுதியும் இன்னும் நன்றாகத் தெரிகின்றன.